மூடிய சிப்பியும் திறந்த நிரலும்: முத்துக்குளித்துறையிலிருந்து ஒரு கைப்பேசி வரலாறு

வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், கடற்கரைக் குடியிருப்பிலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, கப்பலைச் சொந்தமாக வாங்கியாயிற்று. போனை எப்போது சொந்தமாக வாங்கப் போகிறோம்?" என்றார். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இந்தப் போன் எங்கள் அப்பா தொழிலுக்குப் போய்ச் சம்பாதித்த காசில் வாங்கியது. ஆனால் இதில் இருக்கும் வேண்டாத செயலிகளை நீக்க முடியவில்லை. நான் எங்கே போகிறேன் என்று இது யாரிடம் சொல்கிறது என்றும் தெரியவில்லை. அப்படியானால் இது யாருடைய போன்?" என்று கேட்டுவிட்டு அமர்ந்தார்.

தமிழிலக்கியம் பயின்ற நமக்கு அந்தக் கேள்விக்கு அன்று விடை சொல்லத் தெரியவில்லை. மணியடித்தது, தப்பித்தோம். ஆனால் அக்கேள்வி நம்மைவிட்டு நீங்கவில்லை. கைப்பேசியின் உள்ளே இருந்து அதை இயக்கும் இயங்குதளம் யாருக்கு உரியது, அதை மாற்றிக்கொள்ள முடியுமா, மாற்றியவர்கள் என்ன ஆனார்கள் என்று படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க, இது கணினித் துறையினருக்கு மட்டும் உரிய செய்தியன்று, நம் கடற்கரை முன்பே இருமுறை கண்ட வரலாறு என்று தோன்றியது. ஒருமுறை முத்தில், மற்றொருமுறை கப்பலில். அந்த வழியாகவே இக்கட்டுரை செல்கிறது.

சலாபத்து ஏலம்

கொற்கையின் முத்துக்குப் புகழ்மாலை சூட்டாத தமிழாசிரியர் இல்லை. ஆனால் அம்முத்தை எடுத்தவர் யார் என்ற கேள்வியை நாம் வகுப்பில் அரிதாகவே எழுப்புகிறோம். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, பாண்டியர்க்குரிய கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக்குளித்தார்கள் என்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, கிடைத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், கொடிய மீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் போயின என்று எழுதிவைத்தார். 1530களில் பரதவர் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றனர். 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். 1825இல் அது முடிவாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கொடிகள் மாறின, கடலடிக்குச் சென்றவர் மாறவில்லை, கரையில் கணக்கெழுதியவர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்.

முத்துக்குளிப்புக்கு நம் வட்டார வழக்கில் சலாபம் என்று பெயர். சிப்பி விளையும் கடலடித் திட்டுக்குப் பார் என்று பெயர். தோலாயிரம் பார் அவற்றுள் பேர்போனது. ஆங்கிலேயர் ஆட்சியில் சலாபம் எவ்வாறு நடந்தது என்பது நம் பொருளுக்கு மிகவும் தேவையான செய்தி. முதலில் அரசு அலுவலர்கள் பார்களைச் சோதித்து, சில ஆயிரம் சிப்பிகளை மாதிரியாக எடுத்துத் திறந்து, அவற்றிலிருந்த முத்துகளை மதிப்பிடுவர். மதிப்பு தேறினால் சலாபம் அறிவிக்கப்படும். வணிகர்கள் குவிவர். கடற்கரையில் ஓலைக் கொட்டகைகளால் ஓர் ஊரே எழும். கரை சேர்ந்த சிப்பிகள் மூன்று கூறாக்கப்படும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரண்டு கூறு அரசுக்கு, ஒரு கூறு குளித்தவர்க்கு என்பதே கணக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்படும்.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். அந்த ஏலம் மூடிய சிப்பிகளின் ஏலம். உள்ளே முத்திருக்கிறதா, வெறும் சதைதானா என்பது விற்பவர்க்கும் தெரியாது, வாங்குபவர்க்கும் தெரியாது, மூச்சடக்கி எடுத்தவர்க்கும் தெரியாது. இருந்த ஒரே ஆறுதல், தொடக்கத்தில் நடந்த மாதிரிச் சோதனை. அது எல்லோர்க்கும் அறிவிக்கப்பட்டது. அதை வைத்தே வணிகர் விலை கேட்டனர். ஏலம் எடுத்தவர் சிப்பியைத் தம் கொட்டுக்குக் கொண்டுபோய் அழுகவிட்டுக் கழுவினார். ஆகவே மூடிய சிப்பியை வாங்கியவருக்கும் ஒரு நாள் அதைத் திறக்கும் உரிமை இருந்தது. இன்று நாம் காசு கொடுத்து வாங்கும் கைப்பேசிக்கு அந்த உரிமைகூட இல்லை. வாங்கியபின்னும் அது மூடிய சிப்பியாகவே நம் சட்டைப்பையில் கிடக்கிறது.

வாடகைக் கப்பல்

இரண்டாவது வரலாறு யாவரும் அறிந்தது. ஆனால் அதன் ஒரு கண்ணி பெரும்பாலும் விரைந்து கடக்கப்படுகிறது. 1906 அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். நான்காம் தமிழ்ச்சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் தந்தார். வ.உ.சி. உதவிச் செயலாளராக இருந்தபோதும் நிறுவனத்தின் உயிர்மூச்சு அவரே என்பதில் ஐயமில்லை.

தொடக்கத்தில் நிறுவனத்துக்குச் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயின் ஷாலைன் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த கப்பல்களே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. மக்கள் ஏறினார்கள், சரக்கு ஏறியது, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்கு வருவாய் குறைந்தது. அந்நிறுவனம் சுதேசிக் கம்பெனியோடு நேருக்கு நேர் மோதுவதற்கு முன்பாக எளிதான வழியொன்றைக் கண்டது. ஷாலைனை நெருக்கியது, வாடகைக் கப்பல் பின்வாங்கப்பட்டது. வ.உ.சி. கொழும்பு சென்று வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்துப் போக்குவரத்தைக் காத்தார். ஆனால் அதன்பின் அவர் வாடகையை நம்பவில்லை. சொந்தக் கப்பலின்றித் திரும்பேன் என்று சூளுரைத்து வடக்கே சென்றார் என்பர். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் சுதேசிக் கொடியோடு இத்துறைக்கு வந்தன.

பின்னர் நிகழ்ந்தது துயரம். போட்டி நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. இலவசப் பயணமும் குடையும் கொடுத்ததாக இன்றும் ஊரில் சொல்வார்கள். 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைது செய்யப்பட்டார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையாகி வெளியே வந்தபோது ஓட்டுவதற்குக் கப்பல் இல்லை.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. வாடகைக்கு எடுத்தது எந்நேரமும் பின்வாங்கப்படலாம். இலவசமாகக் கொடுக்கப்படுவதற்கு விலை வேறோரிடத்தில் வசூலிக்கப்படும். மூன்றாவது நமக்குக் கசப்பானது: சொந்தமாக வாங்கியதும்கூட, தாங்கிப் பிடிக்கத் தொடர்ந்து கைகள் இல்லையெனில் மூழ்கிவிடும். கைப்பேசி இயங்குதளங்களின் வரலாறு இம்மூன்றையும் ஒன்றுவிடாமல் மீண்டும் நடத்திக் காட்டியிருக்கிறது.

அச்சுப்பொறியிலிருந்து ஆண்ட்ராய்டு வரை

அந்த வரலாறு ஓர் அச்சுப்பொறியில் தொடங்குகிறது எனலாம். 1980ஐ ஒட்டி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் புதிய அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. சிக்கினால் தகவல் சொல்லுமாறு அதைத் திருத்தலாம் என்று எண்ணினார் அங்கிருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன். ஆனால் அதன் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. தம் அறையில் இருக்கும் பொறியைத் தாமே செப்பனிட முடியாத நிலை அவரை உறுத்தியது. 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். எவரும் படிக்க, திருத்த, பகிர உரிமையுள்ள கட்டற்ற மென்பொருள் என்னும் கொள்கை அங்கிருந்து கிளைத்தது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அது குனுவின் உரிமத்துக்குள் வந்தது.

2003இல் தொடங்கிய ஆண்ட்ராய்டு என்னும் சிறு நிறுவனத்தைக் கூகுள் 2005இல் வாங்கியது. 2008இல் அதன் முதல் கைப்பேசி சந்தைக்கு வந்தது. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது அந்த லினக்ஸ் கருவே. அதன் அடிப்படை நிரலும் திறந்த மூலமாகவே வெளியிடப்படுகிறது. எவரும் எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் சிக்கல் எங்கே? கடையில் வாங்கும் கைப்பேசியில் திறந்த நிரலின் மேல் மூடிய அடுக்கொன்று இருக்கிறது. செயலிச் சந்தை, வரைபடம், அறிவிப்புகளைக் கொண்டுசேர்க்கும் சேவை முதலியவை கூகுளுக்கே உரியவை. அவற்றின் மேல் கைப்பேசியைச் செய்த நிறுவனத்தின் செயலிகள் வேறு. நமக்கு ஆண்ட்ராய்டு இலவசம். அந்த இலவசத்துக்குக் கொடுக்கும் விலை, நாம் எங்கே இருக்கிறோம், எதைத் தேடுகிறோம், எதைப் படிக்கிறோம் என்னும் செய்திகள்.

இது வெறும் ஐயமன்று. 2021 மார்ச்சில் டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத் தம் ஆய்வை வெளியிட்டார். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுமே சும்மா கிடக்கும்போதும் சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை தம் நிறுவனங்களோடு தொடர்புகொள்கின்றன என்று அது காட்டியது. அளவிட்ட முறை சரியன்று எனக் கூகுள் மறுத்தது. அதே ஆண்டு அக்டோபரில், எடின்பரோ பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து அவர் மற்றோர் ஆய்வையும் வெளியிட்டார். சாம்சங், சியாமி, ஹுவாவே, ரியல்மி ஆகியவற்றின் கைப்பேசிகளோடு இரு மாற்று இயங்குதளங்களையும் அதில் சோதித்தனர். கூகுள் செயலிகளோடு நிறுவிய லினியேஜ் ஓஎஸ், கூகுளுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. இ ஓஎஸ் என்னும் தளமோ ஏறக்குறைய எதையும் அனுப்பவில்லை. மாற்றுத்தளம் என்ற பெயர் மட்டும் போதாது, அதன் மேல் எதை ஏற்றுகிறோம் என்பதே முடிவு செய்கிறது என்னும் பாடம் இதிலிருந்து கிடைக்கிறது.

நம் நாட்டில் 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. செயலிச் சந்தை வேண்டுமெனில் ஏனைய செயலிகளையும் முன்கூட்டியே நிறுவியாக வேண்டும் என்று கைப்பேசி நிறுவனங்களைக் கட்டுப்படுத்தியதும், மாற்றிய ஆண்ட்ராய்டை விற்கவிடாமல் தடுத்ததும் குற்றச்சாட்டுகளில் அடங்கும். 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில கட்டளைகளை நீக்கியபோதும் அபராதத்தை உறுதி செய்தது. நம் மாணவர் நீக்க முடியவில்லை என்ற செயலிகளின் பின்னே இத்தனை பெரிய வழக்கு இருந்தது.

மாற்றுத்தளங்களின் வாழ்வும் தாழ்வும்

ஆண்ட்ராய்டின் திறந்த நிரலை எடுத்து, வேண்டாதவற்றைக் களைந்து, பயனரே நிறுவிக்கொள்ளும்படி செய்த முயற்சிகளுள் முதன்மையானது சயனோஜென்மாட். ஸ்டீவ் கொண்டிக் என்பவர் 2009இல் தொடங்க, உலகெங்கும் தன்னார்வலர்கள் வளர்த்தனர். 2013இல் அதை ஒட்டி ஒரு நிறுவனம் எழுந்தது. அதன் கதையில் இந்தியாவுக்கு ஒரு வேடிக்கையான பங்கு உண்டு. சயனோஜென் ஏறிய ஒன்பிளஸ் கைப்பேசி 2014இல் இங்கே விற்பனைக்கு வந்தது. அதே நேரத்தில் அந்நிறுவனம் இந்திய உரிமையைத் தனியுரிமையாக மைக்ரோமேக்ஸுக்குக் கொடுத்துவிட்டது. டிசம்பரில் வழக்கு தில்லி உயர்நீதிமன்றம் சென்று, ஒன்பிளஸ் விற்பனைக்கு இடைக்காலத் தடை வந்தது; சில நாட்களில் அது விலகியது. ஆனால் ஒன்பிளஸ் பாடம் கற்றுக்கொண்டது. 2015இல் தனக்கென ஓர் இயங்குதளத்தைச் செய்துகொண்டது. ஷாலைன் கப்பல் பின்வாங்கியதை அறிந்த தூத்துக்குடிக்காரர்க்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

2016 இறுதியில் சயனோஜென் நிறுவனம் தன் சேவைகளை நிறுத்தியது. ஆனால் கப்பலுக்கும் நிரலுக்கும் உள்ள வேற்றுமை இங்கே புலப்படுகிறது. காலியா விற்கப்பட்டால் விற்கப்பட்டதுதான். திறந்த நிரலை எவரும் பூட்டிவைக்க முடியாது. தன்னார்வலர்கள் அதே நிரலை எடுத்து லினியேஜ் ஓஎஸ் என்று பெயர் மாற்றி ஓட்டத் தொடங்கினர். அது இன்றும் ஓடுகிறது. கெனானிக்கல் நிறுவனம் 2017இல் கைவிட்ட உபுண்டு டச் தளத்தையும் யூபிபோர்ட்ஸ் என்னும் குழு அவ்வாறே எடுத்துக்கொண்டது. மொசில்லாவின் பயர்பாக்ஸ் ஓஎஸ் 2014இல் இந்தியாவில் 2,000 ரூபாயை ஒட்டிய விலையில் இன்டெக்ஸ், ஸ்பைஸ் கைப்பேசிகளில் வந்தது. 2015 இறுதியில் மொசில்லா கைப்பேசி முயற்சியைக் கைவிட்டது. அதன் நிரலிலிருந்து பிறந்த கைஓஎஸ், 2017இல் ஜியோபோனில் ஏறிக் கோடிக்கணக்கானோர் கையில் தவழ்ந்தது. ஆனால் அப்போது அது தனியுரிமைக்கான மாற்றாக இல்லை. மலிவான வணிகத்தளமாக ஆகியிருந்தது.

தனியுரிமையையே முதல் நோக்கமாகக் கொண்டவை வேறு சில. காப்பர்ஹெட் என்னும் பழைய திட்டத்திலிருந்து பிரிந்து 2019இல் புதிய பெயர் பெற்ற கிராபீன் ஓஎஸ், பாதுகாப்பில் மிகக் கண்டிப்பானது என்று பெயர் வாங்கியது. நகைமுரண் என்னவெனில், கூகுளிடமிருந்து விலக விரும்புவோரின் இந்தத் தளம் கூகுளின் பிக்ஸல் கைப்பேசிகளை ஒட்டியே வளர்ந்தது. தளத்தை மாற்றியபின் துவக்கப் பூட்டை மீண்டும் பூட்டவும், ஒவ்வொரு முறை துவங்கும்போதும் நிரல் மாற்றப்படவில்லை எனச் சரிபார்க்கவும் அந்தக் கைப்பேசிகள் இடம்தருகின்றன என்பதே காரணம். இ ஓஎஸ், மாண்ட்ரேக் லினக்ஸைத் தந்த கயேல் துவால் தொடங்கியது, பழைய கைப்பேசிகள் பலவற்றிலும் ஏறும், பழகுவது எளிது. டைவெஸ்ட் ஓஎஸ் 2024 டிசம்பரில் முடிவுக்கு வந்தது. கேலிக்ஸ் ஓஎஸ் 2025 ஆகஸ்டில் இடைநிறுத்தம் அறிவித்தது. ஒருசிலர் தோளில் நிற்கும் திட்டம், அத்தோள் சோர்ந்தால் நின்றுவிடும் என்பதற்கு இவை சான்று.

சென்னையில் ஒரு முயற்சி

தமிழ்நாட்டில் இவ்வகை முயற்சி புதிதன்று. சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. உமாசங்கர் இ.ஆ.ப. மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில் எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறியது அன்று பேசப்பட்ட செய்தி. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் மாணவர்க்குக் கிடைத்த கணினிகளில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. நம் வகுப்பில் அதைத் திறந்து பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொடுத்தால் மட்டும் போதாது, பழக்க வேண்டும் என்பதை அன்று நாமும் உணரவில்லை. ஆசிரியர்களாகிய நம் மேலும் அந்தக் குற்றம் உண்டு.

2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து பாரோஸ் என்னும் கைப்பேசி இயங்குதளம் அறிவிக்கப்பட்டது. ஐ.ஐ.டி.யின் பிரவர்தக் அறக்கட்டளையின் அரவணைப்பில் இருந்த ஜேஅண்ட்கே ஆபரேஷன்ஸ் என்னும் நிறுவனம் அதைச் செய்தது. இயக்குநர் காமகோடி அறிமுகம் செய்துவைத்தார். ஜனவரி 24 அன்று மத்திய அமைச்சர்கள் அஸ்வினி வைஷ்ணவும் தர்மேந்திர பிரதானும் அதில் பேசிப் பார்த்தனர். முன்கூட்டியே திணிக்கப்பட்ட செயலி எதுவும் இராது, எதை நிறுவுவது என்பதைப் பயனரே முடிவு செய்வார், சரிபார்த்த செயலிகள் தனிச் சந்தையிலிருந்து வரும் என்றனர். மறைகாப்பு மிகுதியாக வேண்டிய அமைப்புகளுக்கு முதலில் தரப்படும் என்றும் சொல்லப்பட்டது. ஆண்ட்ராய்டின் திறந்த நிரலின் மேலேயே அது கட்டப்பட்டிருந்தது. அதில் இழுக்கு ஒன்றுமில்லை. காலியாவும் தூத்துக்குடியில் கட்டிய கப்பலன்று.

ஆயினும் நம் கடற்கரையின் கேள்வி அப்படியே இருந்தது. அறிவிப்பின்போது அதன் மூலநிரல் எவரும் படிக்கும்படி வெளியாகவில்லை. விரும்பிய எவரும் தரவிறக்கி நிறுவும்படியும் இல்லை. சுதேசி என்பது ஒரு பண்பு. திறந்திருத்தல் என்பது வேறொரு பண்பு. இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று நாம் உணர்ச்சிப் பெருக்கில் எண்ணிவிடுகிறோம். ஏலம் விடுபவர் நம்மவர் என்பதால் மூடிய சிப்பி திறந்ததாகிவிடாது. சுதேசிக் கம்பெனியின் கணக்கைக் கேட்க 25 ரூபாய்ப் பங்கு வைத்திருந்த எளியவருக்கும் உரிமை இருந்தது என்பதை மறக்கலாகாது.

இந்த வேறுபாடு ஏட்டளவிலானதன்று. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023இல் தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அதே நவம்பர் இறுதியில், விற்பனைக்கு வரும் எல்லாக் கைப்பேசிகளிலும் சஞ்சார் சாத்தி என்னும் அரசுச் செயலியை முன்கூட்டியே நிறுவ வேண்டுமென்று தொலைத்தொடர்புத் துறை கட்டளையிட்டது. திருட்டுக் கைப்பேசியைக் கண்டறிய உதவும் என்பது அரசின் விளக்கம். எதிர்ப்பு எழவே டிசம்பர் 3 அன்று அது திரும்பப் பெறப்பட்டது. நிறுவனம் திணிப்பதும் அரசு திணிப்பதும், கைப்பேசியை வாங்கியவரின் இடத்திலிருந்து பார்த்தால், ஒரே கதவு வழியாகவே வருகின்றன.

2018 மே

தூத்துக்குடியில் இருந்துகொண்டு இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2018 மே 22, ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாம் நாள். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். மே 23 அன்று தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. நம் ஊரில் ஏறத்தாழ 5 நாட்கள் கைப்பேசிகள் பேசும் பொறிகளாக மட்டும் இருந்தன. பிள்ளைகள் எங்கே, எந்த மருத்துவமனையில் யார் என்று தெருத் தெருவாக நடந்து கேட்டறிந்த நாட்கள் அவை.

அந்த நாட்களுக்குப் பின் மாணவர்கள் நம்மிடம் சொன்னவை பல. கைப்பேசிக்கு அனுப்பியவையும் பல. அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஆசிரியர் ஒருவரின் கைப்பேசியில் கிடப்பது அவருடைய மறைபொருள் மட்டுமன்று. நம்பி ஒப்படைத்த இளைஞர்களுடையதும்தான். "மறைக்க எம்மிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்கும் உரிமை நமக்கு அன்றே போய்விட்டது.

அதே நிகழ்வு மாற்றுத்தளத்தின் எல்லையையும் காட்டியது. இணையத்தை அரசு நிறுத்தினால் எந்த இயங்குதளமும் அதைத் திருப்பித் தராது. நாம் எந்தக் கோபுரத்தின் அருகில் இருக்கிறோம் என்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து எந்த இயங்குதளமும் மறைக்காது. யாரோடு பேசினோம் என்பதும் அவர்களிடம் இருக்கும். இயங்குதளம் காப்பது கைப்பேசிக்குள்ளே நிகழ்வதைத்தான். இதைச் சொல்லாமல் மாற்றுத்தளத்தைப் புகழ்வது மாதிரிச் சோதனையின்றிச் சிப்பியை ஏலம் விடுவதற்கு ஒப்பாகும்.

நாம் தெரிந்துகொண்டது

சென்ற ஆண்டு நம் பழைய கைப்பேசிக்குச் செய்த நிறுவனத்தின் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோயிற்று. பொறி நன்றாகவே இருந்தது. மென்பொருள் துறையில் பணியாற்றும் முன்னாள் மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். தரவுகளையெல்லாம் படியெடுத்து வைத்துவிட்டு, துவக்கப் பூட்டைத் திறந்து, கூகுள் செயலிகள் இல்லாத லினியேஜ் ஓஎஸ்ஸை நிறுவினோம். ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. எஃப்-டிராய்டு என்னும் கட்டற்ற செயலிச் சந்தையிலிருந்து தமிழ் விசைப்பலகை, வரைபடம், நூல் படிப்பான் ஆகியவற்றை எடுத்துக்கொண்டோம். இரண்டு நாட்கள் மகிழ்ச்சியாகக் கழிந்தன.

மூன்றாம் நாள் வங்கிச் செயலி திறக்க மறுத்தது. இந்தக் கருவி பாதுகாப்பற்றது என்றது! எந்தப் பாதுகாப்புக்காக இத்தனை பாடுபட்டோமோ, அதையே குற்றமாகச் சாட்டியது. பூட்டுத் திறந்த கைப்பேசியைத் திருடர் எளிதில் மாற்றிவிடலாம் என்ற அச்சம் அதன் பின்னே உண்டு; அதில் உண்மையும் உண்டு. மீன் ஏலக்கூடத்திலிருந்து தேநீர்க்கடை வரை பணம் கைப்பேசி வழியே ஓடும் ஊரில் இது சிறிய தடையன்று. பலரும் இந்த இடத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். நாம் வேறொரு மலிவான கைப்பேசியைப் பணத்துக்கென்று ஒதுக்கினோம். அதில் வங்கியும் பணப்பரிமாற்றமும் தவிர வேறொன்றும் இல்லை. மாணவரின் கடிதங்களும் படங்களும் தொடர்பெண்களும் பழைய கைப்பேசியில், புதிய தளத்தில் இருக்கின்றன. இரண்டைச் சுமப்பது தொல்லைதான். ஆனால் எதில் எது இருக்கிறதென்று இப்போது நமக்குத் தெரிகிறது.

ஆதலின் அந்த மாணவருக்கு நாம் சொன்ன விடை இதுதான். மாற்றுத்தளத்தைத் தேர்பவர் முதலில் அதன் நிரலைப் பிறர் படித்துப் பார்க்க முடிகிறதா, படித்தவர் எவரேனும் உண்டா என்று கேட்க வேண்டும். பாதுகாப்புப் புதுப்பிப்பு மாதந்தோறும் வருகிறதா, எத்தனை பேர் தோள் கொடுக்கிறார்கள் என்று அடுத்துப் பார்க்க வேண்டும். தம் கைப்பேசி அந்தத் தளத்தின் பட்டியலில் உள்ளதா, பூட்டை மீண்டும் பூட்ட முடியுமா என்று அறிந்த பின்னரே கை வைக்க வேண்டும். செய்தியாளர், களப்பணியாளர் போன்று இடர் மிகுந்தவர்க்குப் பூட்டத்தக்க தளமே ஏற்றது. ஏனையோர் பழைய கைப்பேசி ஒன்றில் பழகிப் பார்க்கலாம். அதுவும் இயலாதவர், இருக்கும் கைப்பேசியிலேயே ஒவ்வொரு செயலிக்கும் இடம், ஒலிவாங்கி, தொடர்பெண் ஆகியவற்றுக்குக் கொடுத்த அனுமதியை ஓர் அரைமணி நேரம் உட்கார்ந்து நீக்கலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை.

இந்தக் கரையில் கடைசிச் சலாபம் 1961இல் நடந்தது. அதன்பின் பார்கள் தேறவில்லை. 1973இல் தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்தை வளர்த்துக் காட்டினர். சிப்பிக்குள் எதை வைக்கிறோம் என்று அறிந்து வைத்து விளைவித்த முத்து அது. வ.உ.சி.யின் பெயரை இத்துறைமுகம் 2011இல் பெற்றது. நம் மாணவர் அடுத்த வாரம் தம் அப்பாவின் பழைய போனை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார். திரையில் கீறல் இருந்தது, மின்கலம் தேய்ந்திருந்தது. "இது பட்டியலில் இருக்கிறதா, பாருங்கள் ஐயா" என்றார். இருந்தது. தேர்வுகள் முடிந்ததும் அதைத் திறந்து பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.